பூட்டைச் செய்தவனை விட்டுவிட்டுத் திறப்புத் தேடியவனைத் திட்டுவதா?

"அப்பிள் அல்லாத மடிக்கணினியில் அப்பிளின் இயங்குதளத்தை ஏற்றிவிட்டு, வைஃபை வேலை செய்யவில்லை என்று ஏன் புலம்புகிறாய்? பிழை உன்னுடையது." கணினி அறிந்தவர்கள் என்று பெயரெடுத்த பலர் இந்த வசனத்தை ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். கேட்பவனும் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறான். விசாரணையின்றி வழங்கப்படும் தீர்ப்பு இது. எனவே வழக்கைச் சற்று விசாரித்துப் பார்ப்போம்.

முறைப்பாடு என்னவென்று முதலில் சொல்லவேண்டும். ஒரு மடிக்கணினி இருக்கிறது. அதில் விண்டோஸ் இயங்கும்போது வைஃபை பிடிக்கிறது. லினக்ஸ் இயங்கும்போதும் பிடிக்கிறது. அதே கணினியில் மக் இயங்குதளத்தை ஏற்றியவுடன் வைஃபை அட்டை என்று ஒன்று இருப்பதாகவே அது காட்டிக்கொள்வதில்லை. தொடுதளம் அசையாது. பற்றரியில் எவ்வளவு மின் மீதியிருக்கிறது என்று தெரியாது. மூடிவைத்துத் தூங்கப்பண்ணினால் மீண்டும் எழும்பாது. ஹக்கின்ரோஷ் என்று அழைக்கப்படும் இத்தகைய கணினிகளோடு மல்லுக்கட்டியவர்கள் எல்லோருக்கும் பழக்கமான துன்பங்கள் இவை.

"எண்ணெயும் தண்ணீரும் கலக்காது, மக் இயங்குதளமும் மற்றைய கணினியும் இயல்பிலேயே ஒவ்வாதவை" என்பது முதலாவது வாதம். வரலாறு இதனை ஏற்கவில்லை. இன்றைய மக் இயங்குதளத்தின் மூதாதையான நெக்ஸ்ட்ஸ்டெப், 1993 ஆம் ஆண்டிலேயே சாதாரண இன்ரெல் கணினிகளில் இயங்கியது. அந்த நெக்ஸ்ட் நிறுவனத்தை வாங்கித்தான் அப்பிள் தன் புதிய இயங்குதளத்தைக் கட்டியெழுப்பியது. 1995 இல் அப்பிளே பிற கம்பனிகளுக்கு உரிமம் கொடுத்து, மக் இயங்குதளம் ஓடும் கணினிகளைச் செய்ய விட்டது. 1997 இல் ஸ்டீவ் ஜொப்ஸ் திரும்பி வந்ததும் அந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டது. அவற்றுள் முன்னணியில் நின்ற பவர் கொம்பியூட்டிங்கின் மக் வணிகத்தை அப்பிள் பத்துக் கோடி டொலருக்கு வாங்கி மூடியது. 2005 யூன் மாதம் இன்ரெல் செயலிகளுக்கு மாறப்போவதாக அறிவித்த அதே ஜொப்ஸ், ஐந்து ஆண்டுகளாகத் தமது இயங்குதளத்தின் ஒவ்வொரு பதிப்பையும் இரகசியமாக இன்ரெலிலும் ஓட்டி வந்ததாக மேடையில் பெருமையோடு சொன்னார். 2006 சனவரியில் முதலாவது இன்ரெல் மக் கணினி சந்தைக்கு வந்தது. ஆக, ஒவ்வாமை இயற்கை வகுத்ததன்று. ஒரு கம்பனியின் கூட்ட அறையில் எடுக்கப்பட்ட முடிவு அது.

இனி வைஃபைக்கு வருவோம். எந்த வன்பொருளையும் இயக்க ட்ரைவர் எனப்படும் மென்பொருள் வேண்டும். தான் தன் கணினிகளில் பொருத்தும் சில்லுகளுக்கு மாத்திரமே அப்பிள் ட்ரைவர் எழுதுகிறது. இன்ரெல் மக் கணினிகளில் அது பயன்படுத்தியவை அதெரோஸ், புறோட்கொம் ஆகிய நிறுவனங்களின் வைஃபை சில்லுகள். செயலியை இன்ரெலிடம் வாங்கிய அப்பிள், வைஃபை சில்லை இன்ரெலிடம் வாங்கவில்லை. ஆனால் ஏனைய மடிக்கணினிகளிற் பெரும்பகுதி இன்ரெல் வைஃபை அட்டையோடுதான் வருகிறது. நோயின் மூலம் இவ்வளவுதான். பத்துத் தடவை மீள நிறுவினாலும், எந்த அமைப்பை மாற்றினாலும், இல்லாத ட்ரைவர் முளைத்துவிடாது. "அழித்துவிட்டு மீண்டும் ஏற்றிப் பார்" என்று ஆலோசனை சொல்பவர், நோயைப் பாராமலே மருந்து எழுதும் வைத்தியர். முதலிற் பார்க்க வேண்டியது அட்டையிலுள்ள சில்லின் தயாரிப்பாளர் எண். அது 8086 என்றிருந்தால் இன்ரெல். வேறு எண்ணாயின் வேறு வழி.

இன்ரெல் அட்டைகளுக்கு இப்போது ஒரு வழி இருக்கிறது. அதனை அமைத்தவர்கள் சம்பளமில்லாத் தன்னார்வலர்கள். ஓப்பின்பிஎஸ்டி என்னும் திறந்த இயங்குதளத்தில் இருந்த இன்ரெல் வைஃபை ட்ரைவரை எடுத்து, மக் இயங்குதளத்துக்குப் பெயர்த்து, 'ஐடிஎல்டபிள்யூஎம்' என்ற பெயரில் இலவசமாகத் தந்தார்கள். அதிலும் எயார்டிறொப் போன்ற வசதிகள் வேலை செய்யா. இங்கொரு முரண் உண்டு. மக் இயங்குதளத்தின் கருவிலேயே பிஎஸ்டி மரபின் நிரல்கள் இருக்கின்றன. பொதுக்கிணற்றில் நீர் அள்ளி மாளிகை எழுப்பியவர், பக்கத்து வீட்டுக்காரன் அதே கிணற்றில் வாளி போடுவதைக் களவென்று சொல்லலாமா?

புளூரூத் தொல்லைக்குக் காரணம் பெரும்பாலும் வேறொன்று. மடிக்கணினிக்குள் புளூரூத் சில்லு யூஎஸ்பி வழியாகவே இணைக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டுப்பாட்டகத்துக்குப் பதினைந்து யூஎஸ்பி வாயில்களுக்கு மேல் மக் இயங்குதளம் ஏற்பதில்லை. வேகமான யூஎஸ்பி 3 வாயில் ஒவ்வொன்றும் இரண்டாக எண்ணப்படும். எண்ணிக்கை நிரம்பியபின் வருகிற புளூரூத் வாசலில் நிற்கவேண்டியதுதான். பயன்படாத வாயில்களை விலக்கி வரைபடம் எழுதினால் பல வேளைகளில் தீர்ந்துவிடும். இரண்டு கிராபிக்ஸ் சில்லுகள் உள்ள மடிக்கணினியில் என்விடியா சில்லை மக் இயங்குதளத்தால் ஆள முடியாது. அதனை அணைத்துவைக்காவிட்டால் பற்றரி வீணே கரையும். தொடுதளத்துக்கும் பற்றரி அளவுக்கும் தனித்தனி இணைப்புகள் வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் விளக்கம் உண்டு, விடையும் உண்டு. விளக்கமுள்ள ஒன்றை "உன் தலைவிதி" என்று சொல்வது அறிவாகாது.

சரி, சில்லுத்தான் சிக்கல் என்றால் அட்டையைக் கழற்றி மாற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். அட்டையோ விரலளவு, ஓரிரண்டு திருகாணிகள், இரண்டு மெல்லிய அன்ரனா வயர்கள். மாற்றிவிட்டுக் கணினியைத் திறந்தால், பழைய திங்க்பாட் போன்றவற்றில் 1802 என்ற பிழை எண் தோன்றி, அனுமதியற்ற அட்டை பொருத்தப்பட்டிருக்கிறது என்று சொல்லிக் கணினி அப்படியே நின்றுவிடும். பயோஸுக்குள் அனுமதிக்கப்பட்ட அட்டைகளின் பட்டியலொன்று எழுதப்பட்டிருப்பதே காரணம். இந்தப் பூட்டு அப்பிள் போட்டதன்று. மடிக்கணினியை விற்ற கம்பனியே போட்டது. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குள் எந்த அட்டையைச் செருகலாம் என்பதை விற்றவர் தீர்மானிக்கிறார். வீட்டை விற்றவன், எந்த மின்குமிழை மாட்டலாம் என்று பட்டியல் தந்தால் ஒப்புக்கொள்வோமா?

வானொலி அலை பரப்பும் கருவிகள் அன்ரனாவோடு சேர்த்துச் சான்றிதழ் பெறவேண்டும், அதனாலேயே இந்தப் பட்டியல் என்பது அவர்களுடைய சமாதானம். அப்படியாயின் பட்டியல் இல்லாத மடிக்கணினிகள் அதே காலத்தில் அதே நாடுகளில் விற்கப்பட்டது எப்படி? பின்னாளில் வந்த பல மடிக்கணினிகளில் அப்பட்டியல் காணாமற் போனது எப்படி? சட்டம் மாறவில்லை, கம்பனிகளின் மனம் மாறியது, அவ்வளவே.

அடுத்தது களவுக் குற்றச்சாட்டு. அப்பிள் தன் இயங்குதளத்துக்குள் கேர்னல் நீட்சி ஒன்றை வைத்து, "மக் ஓஎஸ் எக்ஸைத் திருடாதே" என்று பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறது. அப்பிளின் முத்திரை கொண்ட கணினியில் மாத்திரமே நிறுவலாம் என்று உரிம ஒப்பந்தமும் சொல்கிறது. ஹக்கின்ரோஷ் செய்பவர் அந்த ஒப்பந்தத்தை மீறுகிறார் என்பது உண்மை, அதனை மறைப்பதற்கில்லை. ஆனால் ஒப்பந்த மீறலும் களவும் ஒன்றல்ல. புளோரிடாவின் சைஸ்ரார் என்ற கம்பனி 2008 இல் மக் இயங்குதளம் ஏற்றிய கணினிகளை விற்கத் தொடங்கியது. அப்பிள் வழக்குத் தொடுத்து 2009 இல் வென்றது. 2011 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. பிறர் உழைப்பைப் பிரதி பண்ணி இலாபத்துக்கு விற்றவர் தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வணிகரையும், தன் மேசையில் தன் கணினியோடு மல்லாடும் மாணவனையும் ஒரே கூண்டில் ஏற்றுவது நீதியன்று. அம்மாணவன் எதற்காக இந்தப் பாடுபடுகிறான் என்பதையும் எண்ணிப் பாருங்கள். 2005 இல் வந்த டைகர் பதிப்பிலேயே இணைமதி எழுத்துருவையும் அஞ்சல் விசைப்பலகையையும் சேர்த்துத் தந்த இயங்குதளம் அது. தமிழில் எழுதுகிறவன் அதனை விரும்பியதில் என்ன வியப்பு? அதன் விலையை அவனால் எட்ட முடியவில்லை, அவ்வளவுதான்.

"அப்படியானால் அசல் மக்கையே வாங்கினால் நிம்மதி" என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2018 இல் வந்த மொஜாவே பதிப்பில் பழைய அதெரோஸ் அட்டைகளுக்கான ட்ரைவர் நீக்கப்பட்டது. 2023 இல் வந்த சொனோமா பதிப்பில், அப்பிளே முன்னைய மக் கணினிகளில் பொருத்தி விற்ற புறோட்கொம் அட்டைகளுக்கான ட்ரைவர்கள் நீக்கப்பட்டன. அதாவது, முழுவிலை கொடுத்து அசல் வாங்கியவரின் வைஃபையும் புதிய பதிப்பில் மாயமாயிற்று. அந்நியனைத் தடுக்க எழுப்பிய மதில் வீட்டுக்காரன் தலையிலும் சரிந்தது. அவர்களுக்குக் கைகொடுத்தது யார்? ஹக்கின்ரோஷ்காரர்கள் உருவாக்கிய ஓப்பின்கோரை அடித்தளமாகக் கொண்ட 'ஓப்பின்கோர் லெகசி பச்சர்' என்ற இலவச மென்பொருள். திருடர் என்று ஏசப்பட்டவர்களின் கைவேலை, அப்பிள் கைவிட்ட அப்பிள் வாடிக்கையாளரைக் காப்பாற்றியது. இதைவிடச் சாட்சியம் வேறென்ன வேண்டும்?

ஹக்கின்ரோஷைக் குறைகூற நியாயமான காரணம் ஒன்று உண்டு. அதனை மாத்திரம் யாரும் சொல்வதில்லை. யாரோ முன்பின் தெரியாதவர் தயாரித்து வைத்த ஏற்றக் கோப்புறையை இறக்கிப் பொருத்தி, "எல்லாம் வேலை செய்கிறது" என்று மகிழ்பவர்கள் பலர். கணினி உயிர்க்கும் முதற் கணத்திலிருந்து அதன் முழு அதிகாரமும் அக்கோப்புறையிடம் இருக்கிறது. சொனோமாவிலும் அதற்குப் பின்னரும் பழைய புறோட்கொம் அட்டையை இயக்கவேண்டுமாயின், இயங்குதளத்தின் காவலைத் தளர்த்தியே ஆகவேண்டும். பாட்டுக் கேட்கவும் படம் வெட்டி ஒட்டவும் இது போதும். ஆனால் செய்தி தந்தவரின் பெயரைக் கணினியில் வைத்திருக்கும் பத்திரிகையாளன் இதனைச் செய்யலாகாது. எங்கள் தொழிலில், எங்கள் நாட்டில், ஒரு பெயர் வெளியே போனால் என்ன நடக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. ஏற்றுவோர் ஒவ்வொரு கோப்பையும் அதனை எழுதியவர்களின் மூல இடத்திலிருந்தே எடுத்து, தம் கையாலேயே அமைக்கவேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர் இந்தப் பக்கம் வராதிருப்பது நன்று.

இன்றோ கதை முடிவை நெருங்கிவிட்டது. 2020 நவம்பரில் தன் சொந்தச் செயலிகளோடு மக் கணினிகளை வெளியிட்ட அப்பிள், 2023 யூன் மாதம் கடைசி இன்ரெல் மக்கின் விற்பனையையும் நிறுத்தியது. 2025 இல் வந்த டாஹோ பதிப்பே இன்ரெல் மக் கணினிகளுக்கான கடைசிப் பதிப்பு என்று அறிவித்தும் விட்டது. அடுத்துவரும் பதிப்புகள் அப்பிளின் செயலிகளையே கேட்கும். ஹக்கின்ரோஷ்காரர்களின் கெட்டித்தனத்துக்கு அங்கே இடமில்லை. ஆதலால் இன்று புதிதாக இந்த வழியில் இறங்க எண்ணுபவருக்கு என் அறிவுரை: வேண்டாம். அந்த உழைப்பை லினக்ஸில் இடுங்கள். அங்கே இன்ரெல் அட்டைக்கு இன்ரெலே ட்ரைவர் எழுதுகிறது.

ஆனால் கதை முடிந்ததென்று வழக்கை மூடிவிடக் கூடாது. பூட்டுகள் இன்னும் பெருகிக்கொண்டுதான் இருக்கின்றன. நாம் கேட்கவேண்டியவை மூன்று. ஒரு கருவிக்கான ஆதரவை நிறுத்தும் கம்பனி, அதன் ட்ரைவருக்கான ஆவணங்களைப் பகிரங்கப்படுத்தவேண்டும். வாங்கியவர் மாற்றக்கூடிய அட்டையை அனுமதிப் பட்டியல் கொண்டு தடுப்பதைச் சட்டம் விலக்கவேண்டும். அப்பிளின் புதிய கணினிகளில் வேறு இயங்குதளத்தை ஏற்றக் கதவு திறந்திருக்கிறது, உண்மை. ஆயினும் உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லாமல், அசாகி லினக்ஸ் செய்பவர்களை இருட்டில் தடவ விடுவது திறந்த கதவாகாது. அந்த ஆவணங்களும் வெளிவரவேண்டும்.

இவற்றைக் கேட்க நாம் பொறியியலாளராக இருக்கவேண்டியதில்லை. கடைக்காரனிடம் பற்றுச்சீட்டு வாங்கிய எவருக்கும் இந்த உரிமை உண்டு. இனி ஒருவன் வைஃபை வேலை செய்யவில்லை என்று வந்து நிற்கும்போது, "ஏன் ஏற்றினாய்?" என்று அவனைக் கேட்கும் முன், "ஏன் பூட்டினாய்?" என்று மற்றவரைக் கேட்கப் பழகுவோம்.