டெர்மினல்ல ஓடுது, கிரான்ல ஓடலை!

பைத்தான் சுலபமான மொழி என்று ஊரே சொல்கிறது. உண்மைதான். கல்லூரிப் பிள்ளைகள் சில வாரங்களிலேயே லூப்பும் ஃபங்ஷனும் சரளமாக எழுதிவிடுகிறார்கள். ஆனால் எழுதிய புரோகிராமை சர்வரில் ஏற்றி, ராத்திரி தானாக ஓடும்படி வைத்து, காலையில் வந்து அது ஓடியதா, ஓடாவிட்டால் ஏன் என்று கண்டுபிடிப்பதற்குள் அவர்கள் படும் பாடு இருக்கிறதே! எந்த இன்டர்ப்ரெட்டர் ஓடுகிறது, அது ஏன் வாயே திறக்கவில்லை என்று தேடித் தேடியே பாதி வேலை நேரம் போய்விடுகிறது. இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை.

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி ஒருநாள் வந்து நின்றான். "அண்ணா, டெர்மினல்ல அடிச்சா ஓடுது. கிரான்ல போட்டா ஒண்ணுமே வரலை. லாக் ஃபைலைத் திறந்தா ஜீரோ பைட்டு." இந்த மூன்று வாக்கியங்களை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் ஏதாவது ஒரு வயதில் யாரிடமாவது சொல்லியிருப்பார்கள்.

நடந்தது இதுதான். அவன் டெர்மினலில் உட்காரும்போது அவனுடைய வென்வ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது. பாத் வேரியபிளில் அதன் ஃபோல்டர்தான் முதலில் நிற்கிறது. கிரானுக்கு இதில் எதுவும் தெரியாது. அது பாஷ்ஆர்சி ஃபைலைப் படிக்காது. டெபியனிலும் உபுண்டுவிலும் பாத் என்று அது கொடுப்பது இரண்டே ஃபோல்டர்கள். ஆகவே ஓடியது சிஸ்டத்தோடு வந்த பைத்தான். அதில் பாண்டாஸ் இல்லை. இம்போர்ட் வரியிலேயே விழுந்துவிட்டது.

சரி, விழுந்ததற்கான எர்ரர் எங்கே? அவன் ஒழுங்காக லாகிங்கை முதலில் கான்ஃபிகர் செய்துவிட்டுத்தான் பாண்டாஸை இம்போர்ட் செய்திருந்தான். கான்ஃபிகர் செய்த நொடியே லாக் ஃபைல் திறந்துவிடும்; அந்த ஜீரோ பைட்டுக்குக் காரணம் அதுதான். ஆனால் யாரும் பிடிக்காத எக்ஸெப்ஷன் லாக் ஃபைலுக்குப் போகாது, எஸ்டிடிஎர்ருக்குப் போகும். கிரான் அதை எடுத்து அந்த யூசருக்கு மெயில் அனுப்பப் பார்க்கும். சர்வரில் மெயில் அனுப்பும் மென்பொருள் இல்லையென்றால், அவுட்புட்டைத் தூக்கி எறிந்துவிட்டதாக சிஸ்லாகில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடும். முழுப் பாத் கொடுக்காததால் லாக் ஃபைலும் புராஜெக்ட் ஃபோல்டரில் இல்லை, ஹோம் ஃபோல்டரில் கிடந்தது. தப்பு ஒன்றுதான், ஆனால் அதைச் சொல்ல வேண்டிய வழி ஒவ்வொன்றும் அடைபட்டிருந்தது. பையன் ஒரு பகல் முழுக்கத் தன் லாஜிக்கில் பிழை தேடிக்கொண்டிருந்தான். அந்த லாஜிக்கில் ஒரு குறையும் இல்லை.

பிப் பக்கம் போனால் இதே கதை இன்னொரு விதத்தில் வரும். ஒரே மெஷினில் சிஸ்டம் பைத்தான் ஒன்று, காண்டாவில் ஒன்று, பைஎன்வில் இரண்டு என்று இருக்கும். பிப் இன்ஸ்டால் அடித்தால், ஏற்கெனவே இருக்கிறது என்று பதில் வரும். ஓட்டினால் அப்படி ஒரு மாட்யூலே இல்லை என்று எர்ரர் வரும். இரண்டும் உண்மை, ஏனென்றால் இரண்டும் வேறு வேறு இன்டர்ப்ரெட்டரைப் பற்றிப் பேசுகின்றன. வெறும் பிப் என்று அடிக்காமல், எந்தப் பைத்தானால் ஓட்டப்போகிறோமோ அதன் பெயரைச் சொல்லி, மைனஸ் எம் பிப் என்று அடித்தால் இந்தக் குழப்பமே வராது. இந்த ஒரு வரியை முதல் பாடத்திலேயே சொல்லியிருக்கலாம்.

வென்வ் 2012-இல் வந்த 3.3-லிருந்தே பைத்தானோடு சேர்ந்து வருகிறது. 2023-இல் வந்த டெபியன் 12, சிஸ்டம் பைத்தானுக்குள் பிப் மூலம் எதையும் போடவிடாமல் தடுத்தது. நல்ல முடிவு. அந்த எர்ரர் மெசேஜே வென்வ் போட்டுக்கொள் என்று விளக்கமாகச் சொல்கிறது. ஆனால் அதே டெபியனில் வென்வ் வேலை செய்யத் தனியாக இன்னொரு பேக்கேஜ் போட வேண்டும் என்பது புதியவருக்குத் தெரியாது. தட்டுத்தடுமாறி, "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்" என்ற ஆப்ஷனை எங்கிருந்தோ காப்பி செய்து போட்டுவிடுகிறார்கள். சிஸ்டத்தை உடைத்துவிடுவேன் என்று பெயரிலேயே சொல்கிற ஆப்ஷனை ஒரு பிள்ளை யோசிக்காமல் அடிக்கிறான் என்றால், அவன் எவ்வளவு அலுத்துப்போயிருக்க வேண்டும்!

இப்போது லாக் லெவலுக்கு வருகிறேன். பைத்தானில் லாகிங் மாட்யூல் 2003-இல் 2.3-ஓடு வந்தது. டீபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எர்ரர் 40, கிரிட்டிக்கல் 50. ரூட் லாகரின் இயல்பான லெவல் வார்னிங். ஆகவே புதிதாக வருபவர் ஆசையாக எழுதும் முதல் இன்ஃபோ வரி திரையில் வராது. எர்ரரும் வராது, எச்சரிக்கையும் வராது. அவர் என்ன முடிவுக்கு வருவார்? லாகிங் நமக்கு ஒத்துவராது, பிரிண்டே போதும் என்று திரும்பிவிடுவார். பல வருட அனுபவம் உள்ளவர்களின் கோடிலும் "இங்கே வந்துவிட்டது", "இங்கே வந்துவிட்டது 2" என்று பிரிண்ட் வரிகள் கிடப்பதற்கு இந்த முதல் அனுபவம்தான் காரணம் என்பேன்.

லெவலை மாற்றினால் தீர்ந்துவிடுமா? லாகருக்கு ஒரு லெவல், ஹேண்ட்லருக்கு ஒரு லெவல். இரண்டையும் தாண்டினால்தான் வரி வெளியே வரும். இதையெல்லாம்விட என் பொறுமையைச் சோதித்தது பேசிக்கான்ஃபிக். ரூட் லாகரில் ஏற்கெனவே ஒரு ஹேண்ட்லர் இருந்தால் அது எதுவும் செய்யாமல் திரும்பிவிடும், ஒரு வார்த்தை சொல்லாது. நீங்கள் இம்போர்ட் செய்த ஏதோ ஒரு லைப்ரரி உங்களுக்கு முன்னாலேயே லாகிங்கைத் தொட்டிருந்தால், உங்கள் லெவல், உங்கள் ஃபார்மேட், உங்கள் ஃபைல் பெயர் எல்லாம் காற்றில் போய்விடும். பழைய ஹேண்ட்லர்களைத் தூக்கிவிட்டு என்னுடையதைப் போடு என்று சொல்ல ஃபோர்ஸ் என்ற ஆர்கியுமென்ட் 2019-இல், 3.8-இல்தான் வந்தது. 16 வருஷம்! டிக்ட்கான்ஃபிக்கில் இன்னொன்று: ஏற்கெனவே இருக்கும் லாகர்களை முடக்கிவிடு என்பதுதான் அங்கே இயல்பு. வேண்டாம் என்று நாமாக எழுதாவிட்டால், அதற்கு முன் இம்போர்ட் ஆன மாட்யூல்களின் லாகர்கள் பலவும் ஊமையாகிவிடும்.

எதிர்ப்பக்கமும் தொல்லைதான். ஆத்திரத்தில் ரூட்டை டீபக்கில் வைத்தால், வீட்டிலுள்ள அத்தனை குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். மேட்பிளாட்லிப் ஒவ்வொரு ஃபான்டுக்கும் என்ன மதிப்பெண் கொடுத்தது என்று பக்கம் பக்கமாக எழுதும். நாம் தேடும் ஒரு வரி அதற்குள் எங்கோ கிடக்கும். அதை அப்படியே புரொடக்‌ஷனிலும் விட்டுவிட்டால் டிஸ்க் நிறையும். வாடிக்கையாளரின் போன் நம்பரும் ஓடிபியும் லாக் ஃபைலில் போய் உட்காரும். அது வெறும் தொல்லை இல்லை, ஆபத்து.

என்விரான்மென்ட் வேரியபிளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டீபக் = ஃபால்ஸ் என்று வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அங்கிருந்து வருவது எல்லாமே ஸ்ட்ரிங். காலியாக இல்லாத எந்த ஸ்ட்ரிங்கும் பைத்தானுக்கு ட்ரூ. அணைத்துவிட்டதாக நினைத்தது எரிந்துகொண்டே இருக்கும். லாக் லெவலை சின்ன எழுத்தில் எழுதி அப்படியே கொடுத்தால் அப்படி ஒரு லெவல் தெரியாது என்று எர்ரர் கொடுத்து நின்றுவிடும். கெடுபிடிதான், ஆனால் அது எனக்குப் பிடிக்கும். வாய்விட்டுச் சொல்கிறதே!

நம் மொழியில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு அடி இருக்கிறது. விண்டோஸில் என்கோடிங் சொல்லாமல் ஃபைல்ஹேண்ட்லரால் லாக் ஃபைலைத் திறந்தால், பெரும்பாலும் சிபி-1252 என்ற பழைய முறையில் திறக்கும். அதில் தமிழுக்கு இடமில்லை. "முருகேசன்" என்று தமிழில் ஒரு பெயர் லாகுக்குப் போனால் அந்த வரியே எழுதப்படாது. லாகிங் தன் எர்ரரை எஸ்டிடிஎர்ரில் கொட்டிவிட்டு மேலே போய்விடும். டாஸ்க் ஷெட்யூலரில் ஓடும்போது எஸ்டிடிஎர்ரை யார் பார்க்கிறார்கள்? லாக் எழுத முடியவில்லை என்பதற்காக ஓடுகிற புரோகிராம் சாகக்கூடாது என்ற நியாயத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆங்கிலப் பெயர்களெல்லாம் லாகில் இருக்க, தமிழ்ப் பெயர் உள்ள வரிகள் மட்டும் காணாமல் போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. 3.15-லிருந்து யுடிஎஃப்-8 இயல்பாகிவிடும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் பழைய வெர்ஷன்கள் நம் அலுவலகங்களில் இன்னும் பல காலம் ஓடும். அதுவரை என்கோடிங்கைக் கையால் எழுதத்தான் வேண்டும்.

பைத்தானை வளர்ப்பவர்களில் பலர் சம்பளம் வாங்காமல் உழைக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. பழைய கோடு உடைந்துவிடக் கூடாது என்ற கவலையில்தான் பல விஷயங்களை மாற்றாமல் வைத்திருக்கிறார்கள். அதனால் என் கோரிக்கை, சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு: கல்லூரி ஆசிரியர்களுக்கு, பயிற்சி மையம் நடத்துகிறவர்களுக்கு, அலுவலகத்தில் மூத்தவர்களுக்கு. கிளாஸும் இன்ஹெரிட்டன்ஸும் ஒரு வாரம் தள்ளிப்போனால் குடி முழுகிவிடாது. வென்வ் எதற்கு, பாத் என்றால் என்ன, ஐந்து லெவல்களில் எதை எப்போது எழுதுவது என்பதை முதலில் சொல்லிக்கொடுங்கள். எந்தப் புரோகிராமும் ஓடத் தொடங்கியதும் தன்னை ஓட்டும் இன்டர்ப்ரெட்டரின் முழுப் பாத், அதன் வெர்ஷன், நடப்பில் உள்ள லாக் லெவல் மூன்றையும் லாகில் எழுதட்டும். கிரான் வரியில் வென்வுக்குள் இருக்கும் பைத்தானின் முழுப் பாத் இருக்கட்டும். எஸ்டிடிஎர்ரும் ஒரு ஃபைலுக்குப் போகட்டும். லைப்ரரி எழுதுகிறவர்களே, ரூட் லாகரில் கை வைக்காதீர்கள். அது உங்களுடையது அல்ல, அந்தப் புரோகிராமை எழுதுகிறவருடையது.