கல்லில் எழுதாத கல்வெட்டு

வள்ளுவப் பெருந்தகை இல்வாழ்வானின் கடமைகளை வகுத்தபோது தென்புலத்தாரையே முதற்கண் வைத்தார். நம்மவர் அக்கடமையை மறந்தாரல்லர். ஆடியமாவாசையிலே தந்தையையும் சித்திராபௌர்ணமியிலே தாயையும் நினைந்து விரதம் காக்கின்றனர். தர்ப்பணத்தில் தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறையினர் பெயர் சொல்லி அழைக்கப்படுகின்றனர். ஆயினும், பூட்டன் பெயரைக் குருக்கள் வினவும்போது விழிப்போரே நம்மிற் பலர். எள்ளும் நீரும் இறைப்பதோடு அக்கடன் முடிந்துவிடாது. முன்னோரின் பெயர்களைத் தேடி எழுதி வைத்தலும் அதன் பகுதியே என்பது எம் துணிபு.

மேனாட்டார் தம் குலமுறையைத் தேடப் புகுந்தால் முதலிற் சேமக்காலைக்குச் செல்வர். ஆங்கே பெயரும் ஆண்டும் கல்லிற் பொறிக்கப்பட்டிருக்கும். வன்னி மாவட்டங்களைப் பற்றி 1895இல் நூல் எழுதிய ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி, இலங்கையின் கல்லறை வாசகங்களைத் திரட்டி 1913இல் மற்றொரு நூலும் வெளியிட்டார். அதில் இடம்பெற்றோர் பெரிதும் ஐரோப்பியரே. உடலை எரித்துச் சாம்பரை நீரிற் கரைக்கும் மரபினர்க்குச் சுடலையிற் கல் ஏது? ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்துக் கல்லொன்று நாட்டப்பட்டது. 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்பதே அதன் வாசகம். வென்றவன் பெயரும் தோற்றவன் பெயரும் அதில் உண்டு. உடன் நின்ற குடிகளின் பெயர் ஒன்றேனும் இல்லை.

எனினும் நம்மிடமும் கல்வெட்டு உண்டு. அது கல்லில் இல்லை, கடதாசியில் உள்ளது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியின்போது அச்சிட்டு வழங்கும் சிறு நூலுக்கு ஈழத்தமிழர் கல்வெட்டு என்றே பெயரிட்டனர். இறந்தவர் பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர், கொண்டவிடம், கொடுத்தவிடம், மக்கள், மருமக்கள், இறந்த திதி யாவும் அதிற் செய்யுளாக அமைவதுண்டு. வந்தோர் வீட்டுக்குக் கொண்டுசென்று பரணில் எறியும் அந்நூல் வரலாற்றுச் சான்றன்றோ? 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம முயற்சி இத்தகைய நினைவு மலர்களையும் சேர்த்துக் காத்துவருதல் போற்றத்தக்கது.

வேறு ஏடுகளும் உள. பிறப்பு இறப்புப் பதிவு 1867ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் வழக்குக்கு வந்தது. முதுசக் காணியின் பழைய உறுதிகளும் சீதன உறுதிகளும் யார்க்கு யார் மக்கள் என்பதைக் கூறும். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ்க் குடியேறியோரின் அனுமதிப் பத்திரங்களிற் பின்னுரித்தாளர் பெயரைக் காணலாம். தேடுவோர் ஒன்றை மனங்கொள்க: முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலுமே தனி மாவட்டங்களாயின. கிளிநொச்சியார் அதற்கு முந்திய ஏடுகளை யாழ்ப்பாண மாவட்டத்தின் பெயரிலேயே தேடுதல் வேண்டும்.

முன்னோரைத் தேடுதல் ஓய்ந்திருப்போரின் பொழுதுபோக்கு என்பாரும் உளர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்நாட்டிற் பிறந்தோரிடமும், தந்தையோ அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. ஏட்டிலே பெயரில்லாத மலையகத் தமிழர் பல இலட்சம் பேர் நாடற்றோராயினர். 1977இலும் 1983இலும் நிகழ்ந்த வன்செயல்களால் வன்னிக்கு வந்து காடு திருத்திய அம்மக்களின் பிள்ளைகள் இன்று எம் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். பூட்டன் பெயரின் விலையை அவர்களிடம் கேட்டறியலாம். பின்னர் 2009 மே மாதத்தில் முடிந்த போரிலே உறுதியும் பிறப்புப் பத்திரமும் பெட்டியோடு போயின. கல்லறையும் கல்வெட்டும் இன்றி மாண்டோரும் பலர்.

இத்தேடல் சாதிப் பெருமையை வளர்க்கும் என்று அஞ்சுவோரும் உளர். அவ்வச்சம் நியாயமானதே. குலப்பெருமை பேசுதற்கே ஒருவன் வம்சாவழி எழுதுவானாயின், அஃது எழுதாதொழிதலே நன்று. யாம் வேண்டுவது வேறு. உறுதியில் இடம்பெறாத கூலியாளும், இன்னாரின் மனைவி என்று மட்டுமே குறிக்கப்பட்ட பூட்டியும் தத்தம் பெயரோடு ஏட்டில் ஏறுதல் வேண்டும்.

ஆதலின் மாணவர் ஒவ்வொருவரும் தந்தைவழி தாய்வழி இரண்டிலும் மூன்று தலைமுறையின் பெயர், ஊர், தொழில், இடம்பெயர்ந்த ஆண்டு ஆகியவற்றை எழுதி வைப்பாராக. கேள்வியாற் பெற்றதை வேறாகவும் பத்திரத்திற் கண்டதை வேறாகவும் குறித்தல் நேர்மை. பழைய மாணவர் தம் வீட்டுக் கல்வெட்டுகளின் படியொன்றைக் கல்லூரி நூலகத்துக்கு அளிப்பாராக. இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஓர் அப்பியாசக் கொப்பியும் பொறுமையுமே போதும். ஏடுகள் ஒருவேளை காத்திருக்கலாம். அவற்றில் இல்லாதவற்றை நினைவில் வைத்திருக்கும் முதியோர் காத்திருக்கமாட்டார்.