இரக்கம் மட்டும் போதுமா?

முதியோர் இல்லங்களில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி, உணவூட்டி, புரட்டிப் படுக்கவைக்கும் செவிலிய உதவியாளரின் வேலைக்குப் பொறுமையும் இரக்கமும் இருந்தால் போதும், பயிற்சி தேவையில்லை என்னும் கருத்து, இல்லம் நடத்துவோரிடமும் பெற்றோரை அங்கே சேர்க்கும் பிள்ளைகளிடமும் ஒருசேர வேரூன்றியுள்ளது. புகழ்ச்சியின் வடிவில் வருவதாலேயே அதை எவரும் மறுத்துப் பேசுவதில்லை.

படுக்கைப் புண் என்பது, உடலின் எடை வால் எலும்பு, குதிகால் போன்ற இடங்களில் தோலை நெடுநேரம் அழுத்துவதால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் திசு செத்துப்போவதாகும். விரலால் அழுத்தியும் வெளுக்காத சிவப்பே அதன் முதல் அடையாளம் என்று பாடநூல்கள் கூறினாலும், கறுத்த தோலில் அச்சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிட அவ்விடம் வெதுவெதுப்பாகவோ கெட்டிப்பட்டோ இருப்பதைத் தொட்டே அறிய வேண்டும். நாள்தோறும் அவ்வுடலைத் தொடுபவர் மருத்துவர் அல்லர், உதவியாளரே. பயிற்சியில்லாத இரக்கம் இங்கு என்ன செய்கிறது? வலிக்குமே என்று அவ்விடத்தில் எண்ணெய் இட்டுத் தேய்த்துவிடுகிறது. ஏற்கெனவே நலிந்த திசு அத்தேய்ப்பில் மேலும் சிதைகிறது. தைலத்தைவிட அழுத்தத்தை அகற்றுவதே முதன்மையானது என்பதை இங்கிலாந்தில் செவிலியர் டோரீன் நார்ட்டன் குழுவினரின் ஆய்வு 1962-இலேயே வலியுறுத்திவிட்டது. ஊட்டுவதும் இத்தகையதே: பக்கவாதத்தால் விழுங்கும் திறன் குன்றியவரைச் சாய்த்துப் படுக்கவைத்தபடி “இன்னும் ஒரே ஒரு வாய்” என்று கெஞ்சி ஊட்டும்போது, கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் இறங்கி, இருமல்கூட இல்லாமல் புரையேறி, சில நாளில் நுரையீரல் அழற்சியாக முற்றக்கூடும். நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாயைச் சற்றே தாழ்த்தி, ஒரு வாய் இறங்கியதை உறுதிசெய்த பின்பே அடுத்த வாய் தருவது கற்றுவரும் திறன். அன்பில் தானாக ஊறிவருவதன்று.

அமெரிக்காவின் 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய உதவியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சியையும் திறனறி தேர்வையும் கட்டாயமாக்கியது. பிரான்சு 1956-இலேயே தனிச் சான்றிதழை ஏற்படுத்தியது. இந்தியாவிலோ, மாவட்டந்தோறும் 150 ஏழை முதியோருக்கேனும் இடமளிக்கும் இல்லங்களைப் பற்றிப் பேசும் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், அங்கே பணிபுரிவோரின் பயிற்சி பற்றி வாய்திறக்கவில்லை. திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் பொதுப் பணி உதவியாளர் பயிற்சி உண்டு என்றாலும், இச்சட்டம் அதைக் கேட்கவில்லை. புதுச்சேரியின் பிள்ளைச்சாவடியிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டத்துக்கு நான்காண்டுகள் ஆகின்றன; அதே ஊரில் ஒருவர் நாளையே ஒரு முதியவரின் உடலைப் புரட்டும் பொறுப்பை ஏற்பதற்கு ஒரு மணி நேரப் பயிற்சியும் வேண்டியதில்லை என்பதே பொதுக் கணிப்பு.

மகள் எந்தப் பயிற்சியோடு தாயைப் பார்த்துக்கொள்கிறாள் என்று கேட்கப்படுவதுண்டு. மகள் பல்லாண்டு அறிந்த ஓர் உடலைப் பேணுகிறாள், அப்படியிருந்தும் வீடுகளில் படுக்கைப் புண் வருகிறது. உதவியாளரிடமோ அறிமுகமற்ற பலர் ஒரே இரவில் ஒப்படைக்கப்படுகிறார்கள். பயிற்சி அளித்தால் வேறிடம் போய்விடுவார்கள் என்னும் வாதம் இன்னும் வலுவற்றது: இவ்வேலையைத் தொண்டு என்று அழைத்துக் கூலியைத் தாழ்த்திவைத்திருக்கும் வரையில், பயிற்சி பெறாதவரும் போகத்தான் செய்வார், எந்த முதியவருக்கு எந்தப் பக்கம் சாய்ந்தால் விழுங்க முடியும் என்பதை அடுத்தவரிடம் சொல்லாமலே.