குரலுக்குக் கூலி உண்டு, உரிமையும் உண்டு!

1980-களில் டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து "மைக் மோகன்" படம் பார்க்காத தொழிலாளி யார்? திரையில் அவர் பேசினார், நாம் கண் கலங்கினோம். அவர் பாடினார், கூடவே நாமும் பாடினோம். ஆனால் அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றில் பேசிய குரல் அவருடையதல்ல, எஸ்.என்.சுரேந்தருடையது. பாடிய குரல் பெரும்பாலும் எஸ்.பி.பாலசுப்பிரமணியத்தினுடையது. பாட்டுக்குரியவர் பெயரை ரேடியோ ஊருக்கெல்லாம் சொன்னது. பேச்சுக்குரியவர் பெயர் கொட்டகை மணலோடு போயிற்று.

முகம் காட்டாமல் குரலை மட்டும் கொடுத்துப் பிழைக்கும் உழைப்பாளிகளைப் பற்றி இந்த வாரம் நாம் பேச விரும்புகிறோம். "சினிமாக்காரர் பிரச்னை நமக்கெதற்கு?" என்று எந்தத் தோழரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இன்று அவர்களுடைய தொண்டையில் கை வைத்திருப்பது நாளை யாருடைய கையிலும் காலிலும் கை வைக்கும் சக்திதான்.

முதலில், இது என்ன வேலை? 1944-ல் ஏ.வி.மெய்யப்பன் கன்னட ஹரிச்சந்திரா படத்துக்குத் தமிழ்க் குரல் சேர்த்து வெளியிட்டார். அந்தக் காலந்தொட்டு சென்னையில் டப்பிங் ஒரு தொழிலாக வளர்ந்து வந்திருக்கிறது. காற்றுப் புகாத அறை. எதிரே திரையில் ஒரு துண்டுக் காட்சி திரும்பத் திரும்ப ஓடும். வேறொருவர் உதடு அசைகிற அதே கணத்தில் குரல் விழ வேண்டும். அவர் மூச்சு வாங்கினால் இவரும் மூச்சு வாங்க வேண்டும். அவர் அடிபட்டால் இவர் அலற வேண்டும். குழந்தைக்குப் பெரிய பெண்மணி ஒருவர் மழலை பேசுவார். சந்தைக் கும்பலின் இரைச்சலை நாலைந்து பேர் சேர்ந்து எழுப்புவார்கள். காலை முழுவதும் அலறியவனுக்கு மாலையில் தொண்டை கட்டிக் கொள்ளும். மறுநாள் குரல் வரவில்லையென்றால் மறுநாள் கூலியும் வராது. தறியில் நிற்பவனுக்குத் தோள் எப்படியோ, நாற்று நடுபவளுக்கு இடுப்பு எப்படியோ, இவர்களுக்குத் தொண்டை அப்படி.

ஆனால் தறியின் உழைப்புக்கும் குரலின் உழைப்புக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஆலையிலிருந்து துணி வெளியே போகிறது. இன்னொரு பீஸ் வேண்டுமென்றால் முதலாளி மறுபடியும் தொழிலாளியைத்தான் கூப்பிட வேண்டும். குரலோ ஒரு முறை ரிக்கார்டு ஆகிவிட்டால் உழைப்பாளி வீட்டுக்குப் போன பிறகும் அது முதலாளிக்காக உழைத்துக்கொண்டே இருக்கும். பத்து வருஷமானாலும் களைக்காது, கூலி உயர்வு கேட்காது. இப்போது அதற்கும் மேலே போய்விட்டார்கள். ஒருவர் பேசிய ஒலிப்பதிவை யந்திரத்துக்கு ஊட்டினால், அவர் வாழ்நாளில் பேசாத வார்த்தைகளையும் அவர் குரலிலேயே அது பேசுகிறது. இதற்குச் செயற்கை நுண்ணறிவு என்று பெயர்.

அமெரிக்காவில் சூசன் பென்னட் என்ற குரல் கலைஞர் 2005 ஜூலையில் நாள்தோறும் மணிக்கணக்காக உட்கார்ந்து அர்த்தமில்லாத வாக்கியங்களை ஒரு மென்பொருள் கம்பெனிக்காகப் படித்துக் கொடுத்தார். 2011-ல் ஆப்பிள் டெலிபோனில் "சிரி" என்ற யந்திரக் குரல் பேசத் தொடங்கியபோது, "இது உன் குரல்தானே?" என்று தெரிந்தவர் ஒருவர் கேட்ட பிறகுதான் அவருக்கே சங்கதி தெரிந்தது. உலகமெங்கும் கோடிக்கணக்கான கைகளில் ஒலித்த குரலுக்கு ஆப்பிளிடமிருந்து தமக்குக் காசு வரவில்லை என்று அவர் சொன்னார்.

கனடாவில் பெவ் ஸ்டாண்டிங் என்பவர் மொழிபெயர்ப்பு வேலைக்கென்று குரல் கொடுத்தார். பிறகு டிக்டாக்கில் யார் யாரோ எழுதிய வாசகங்களை, ஆபாச வசவுகளையும் கூட, தம்முடைய குரல் படிப்பதைக் கேட்டுத் திடுக்கிட்டார். 2021-ல் வழக்குப் போட்டார். கம்பெனி குரலை மாற்றியது. அதே ஆண்டு சமரசம் செய்து கொண்டது.

நியூயார்க்கில் பால் லெர்மன், லின்னியா சேஜ் என்ற தம்பதியர். இருவரும் குரல் கலைஞர்கள். ஆராய்ச்சிக்கு என்றும், விளம்பர மாதிரிக்கு என்றும் சொல்லி ஆளுக்கு ஒரு ரிக்கார்டு வாங்கினார்கள். அவருக்கு 1,200 டாலர், அந்த அம்மாளுக்கு 400 டாலர் கூலி. 2023-ல் காரில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு ஒலிபரப்பில் செயற்கை நுண்ணறிவின் ஆபத்தைப் பற்றிப் பேச்சு நடந்தது. அதில் பதில் சொன்ன யந்திரத்தின் குரல் லெர்மனின் சொந்தக் குரலாகவே இருந்தது! 2024-ல் இருவரும் லோவோ என்ற கம்பெனி மீது வழக்குத் தொடுத்தார்கள். 2025 ஜூலையில் நீதிபதி சில கோரிக்கைகளைத் தள்ளி, ஒப்பந்த மீறல் உள்ளிட்ட சிலவற்றை விசாரணைக்கு அனுமதித்தார்.

இந்த நால்வர் கதையும் எதைக் காட்டுகிறது? இவர்கள் திறமையில் குறைந்தவர்களா? இல்லை. உழைப்பில் சோம்பியவர்களா? இல்லை. தனி ஆளாக நின்று கையெழுத்துப் போட்டார்கள்; எதிரே கம்பெனி கம்பெனியாக நின்றது. தன் குரலை எதற்கு, எத்தனை காலத்துக்கு, எந்த விலைக்குக் கொடுக்கிறோம் என்று கேட்கும் பலம் தனி ஆளுக்கு இல்லை. இதுதான் விஷயத்தின் வேர்.

அந்தப் பலம் எங்கிருந்து வரும்? அமெரிக்கக் கலைஞர்களே பதில் சொல்லியிருக்கிறார்கள். 1933-ல் சினிமா நடிகர்கள் சங்கம் கண்டார்கள். 1937-ல் ரேடியோவில் பேசுகிறவர்கள் சங்கம் கண்டார்கள். இந்த இரண்டு வழியிலும் வளர்ந்த சங்கங்கள் 2012-ல் ஒன்றாக இணைந்து சாக்-ஆப்ட்ரா ஆயின. 2016 அக்டோபரில் வீடியோ விளையாட்டுகளுக்குக் குரல் கொடுப்பவர்கள் 11 கம்பெனிகளுக்கு எதிராக வேலை நிறுத்தம் செய்தார்கள். துப்பாக்கிச் சண்டைக் காட்சிக்கு மணிக்கணக்கில் அலறித் தொண்டை கிழிவதற்கு ஒரு வரம்பு வேண்டும், ஓஹோ என்று விற்கும் விளையாட்டில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். 11 மாதங்கள் நின்றார்கள். கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆயினும் வேலை செய்த தடவைகளுக்கு ஏற்பக் கூடுதல் தொகை என்பதை ஒப்பந்தத்தில் எழுத வைத்தார்கள்.

2023-ல் சினிமா, டெலிவிஷன் நடிகர்கள் 118 நாள் வேலை நிறுத்தம் செய்தபோது யந்திர நகல் முக்கியப் பிரச்னையாக இருந்தது. விளையாட்டுக் கம்பெனிகள் மட்டும் அசையவில்லை. 2024 ஜூலை 26-ல் குரல் கலைஞர்கள் மறுபடியும் இறங்கினார்கள். பத்தரை மாதம் சென்று 2025 ஜூனில் போராட்டம் நின்றது. ஜூலையில் வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 95 பேர் ஒப்பந்தத்தை ஏற்றார்கள். கூலி உடனே நூற்றுக்கு 15-க்கு மேல் உயர்ந்தது. அதைவிடப் பெரிது இது: கலைஞர் சம்மதமில்லாமல் குரல் நகல் எடுக்கக் கூடாது, எதற்கு என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும், வேலை நிறுத்த நாட்களில் தம் நகலை வைத்துப் புதிதாகப் பேசவைக்கக் கூடாது என்று கலைஞர் தடுத்து வைக்கலாம். யந்திரத்தைக் கருங்காலியாக்கும் வழி அடைக்கப்பட்டது. கருங்காலி என்றால் என்னவென்று ஆலைத் தொழிலாளிக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

சங்கம் கேட்டால் சட்டமும் காது கொடுக்கிறது. கலிபோர்னியா மாகாணம் 2024-ல் சட்டம் செய்தது: எதற்கென்று தெளிவாகச் சொல்லாமல், வக்கீலோ சங்கமோ துணையில்லாமல் எழுதி வாங்கும் குரல் நகல் ஒப்பந்தம் செல்லாது.

நம் நாட்டு நிலைமை என்ன? 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங் குரலை யந்திரத்தில் நகலெடுப்பதற்குப் பம்பாய் ஹைகோர்ட் இடைக்காலத் தடை விதித்தது. நல்ல தீர்ப்பு. அதே ஆண்டு "லால் சலாம்" படப் பாட்டில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களை ஏ.ஆர்.ரஹ்மான் யந்திரத்தின் மூலம் திரும்ப ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டோம், உரிய தொகை கொடுத்தோம் என்று அவர் அறிவித்தார். அனுமதி, கூலி, பகிரங்க அறிவிப்பு: இந்த மூன்றும் ஒருவருடைய நல்ல மனத்தைப் பொறுத்து நடந்தால் போதாது, கட்டாய முறையாக வேண்டும் என்கிறோம். பிரபல பாடகர் ஹைகோர்ட் படி ஏறலாம். சந்தை இரைச்சலுக்குக் குரல் கொடுக்கும் நாலைந்து பேர் எந்தப் படியில் ஏறுவார்கள்?

அவர்கள் ஏற வேண்டியது சங்கத்தின் படி. சென்னை சினிமாத் தொழிலாளரைச் சங்கங்களாகத் திரட்ட இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசனும், வங்கத்திலிருந்து வந்த நிமாய் கோஷும் பட்ட பாடு சாமானியமல்ல. ஆனால் சங்கம் என்று பெயர்ப்பலகை தொங்கினால் மட்டும் போதாது என்பதையும் நாம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். "96" படத்தில் திரிஷாவுக்குக் குரல் கொடுத்த சின்மயி, 2018-ல் டப்பிங் சங்கத் தலைவர் மீது எழுந்த புகார்களைப் பற்றிப் பகிரங்கமாகப் பேசினார். அடுத்த மாதமே சந்தா பாக்கி என்று சொல்லிச் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். ஆயுள் உறுப்பினருக்குச் சந்தா பாக்கி ஏது என்று அவர் கேட்டார், கோர்ட்டுக்குப் போனார். 2023-ல் "லியோ" படத்தில்தான் திரிஷாவுக்கு மறுபடியும் அவர் குரல் கேட்டது. வாயைத் திறந்து பிழைப்பவர்களின் சங்கத்தில் ஓர் உறுப்பினர் வாய் திறந்ததற்குப் பிறகு வேலையை இழக்கிறார் என்றால், அதைப் பார்க்கும் புதிய பெண் எந்த நம்பிக்கையில் உறுப்பினர் சீட்டு வாங்குவாள்? வேலைக்கு வரும் வழியைக் கையில் வைத்திருக்கும் சங்கம், முதலில் தன் உறுப்பினர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது.

உங்கள் வீட்டிலும் நல்ல குரலுள்ள பிள்ளைகள் இருப்பார்கள். பள்ளி விழாவில் வசனம் பேசிக் கைதட்டல் வாங்கிய பெண் கோடம்பாக்கம் போக ஆசைப்படலாம். அவளைத் தடுக்காதீர்கள். ஆனால் சில வார்த்தைகள் சொல்லி அனுப்புங்கள். வேலை தருகிறேன் என்று சொல்லி முன்பணம் கேட்பவனை நம்பாதே. மாதிரி என்று பக்கம் பக்கமாகப் படிக்கச் சொன்னால் சும்மா படித்துக் கொடுக்காதே. மாதிரிக்கு ஒரு நிமிஷப் பேச்சு போதும். எந்தப் படத்துக்கு, எந்த மொழிக்கு, எத்தனை காலத்துக்கு என்று எழுத்தில் கேள். "எல்லா வகையிலும், எக்காலத்துக்கும்" என்று தாளில் இருந்தால் பேனாவைக் கீழே வை. யந்திரத்துக்குப் பயிற்சி கொடுக்க என் குரலைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதச் சொல். தாளின் நகலை வாங்கிக்கொள். தொண்டை வலித்தால் சொல். மூத்த கலைஞரிடம் கூலி விவரம் கேள். கூலியை ஒருவருக்கொருவர் மறைத்தால் லாபம் முதலாளிக்கே. தனியாக நிற்காதே.

யந்திரத்தை உடைக்கச் சொல்கிறோமா? இல்லை. வயலில் அறுவடை யந்திரம் இறங்கியபோதும், ஆலையில் புதிய தறி இறங்கியபோதும் நாம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: மிச்சமாகும் உழைப்பின் பலன் யாருக்கு? அந்தக் கேள்வி இப்போது ஒலிப்பதிவு அறைக்குள் நுழைந்திருக்கிறது. அங்கும் பதில் தானாக வராது.

எனவே நம்முடைய கோரிக்கைகள் மூன்று. சம்மதமும் கூலியும் இல்லாமல் ஒருவர் குரலை நகலெடுப்பதைத் தடுக்க சர்க்கார் தெளிவான சட்டம் செய்ய வேண்டும். சாமானியக் கலைஞனும் அதன் பலனை அடையும்படி அது இருக்க வேண்டும். தயாரிப்பாளர்கள் குரல் கொடுத்த ஒவ்வொருவர் பெயரையும் படத்தில் போட வேண்டும். மறு பயன்பாட்டுக்கு மறு கூலி தர வேண்டும். சங்கம் தன் கதவைத் திறந்து வைக்க வேண்டும்; புகார் சொன்னவரைக் காக்க வேண்டும்.

தோழர்களே, அடுத்த முறை கொட்டகையில் படம் முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். பெயர்கள் ஓடி முடியும்வரை உட்காருங்கள். நம்மைச் சிரிக்கவும் அழவும் வைத்த குரலுக்குரியவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். அவர்கள் குரலைக் கேட்டுப் பழகிய நாம், அவர்களுக்காகக் குரல் கொடுக்க வேண்டிய நேரம் இது.