வென்றது எஞ்சினா, சாலையா?



மேல்சித்தாமூரிலிருந்து செஞ்சிக்கு நீங்கள் சைக்கிளில் மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். 1907-இல் நடந்த பீக்கிங்–பாரிஸ் கார்ப் போட்டியில் முதலில் வந்த காரைவிட உங்கள் வேகம் அதிகம்!

நம்பிக்கை இல்லையா? கணக்குப் போடுங்கள். இத்தாலிய இளவரசர் போர்கேசியின் இத்தாலா கார் ஜூன் 10-இல் புறப்பட்டு ஆகஸ்ட் 10-இல் பாரிஸ் சேர்ந்தது. தூரம் சுமார் 15,000 கி.மீ.; நாட்கள் 61. இரவையும் ஓய்வையும் சேர்த்தால் சராசரி வேகம் மணிக்கு 10 கி.மீ. தான். (61 நாளும் ஓயாமல் சைக்கிள் மிதிக்க உங்களால் முடியாது என்பது வேறு விஷயம்!)

எஞ்சின் வலுவானதுதான். ஆனால் நல்ல சாலை இல்லை. மலைகளில் கூலியாட்கள் காரைக் கயிறு கட்டி இழுத்தார்கள். பாலைவனத்தில் பெட்ரோலை ஒட்டகங்கள் முன்கூட்டியே சுமந்து சென்று வைத்தன.

1977-இல் லண்டன்–சிட்னி போட்டிக் கார்கள் ஐரோப்பாவையும் ஆசியாவையும் கடந்து சென்னைக்கே வந்தன. இங்கிருந்து கப்பலேறிப் பினாங்கு சென்றன. இடைப்பட்ட 70 ஆண்டுகளில் எஞ்சின் மட்டுமா வளர்ந்தது? சாலைகளும் வளர்ந்தன.

ஓட்டியவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது. கயிறு இழுத்தவர் பெயரோ, சாலை போட்டவர் பெயரோ நிற்கவில்லை. இது நியாயமில்லை என்பதே என் கருத்து.

அடுத்த முறை பஸ்ஸில் போகும்போது, நிற்கும் நேரத்தையும் சேர்த்துச் சராசரி வேகத்தைக் கணக்கிடுங்கள். வேகத்தைக் குறைப்பது எஞ்சினா, சாலையா? நீங்களே சொல்லுங்கள்.