குழாய் கிழிந்தால் கைவசம் என்ன இருக்கிறது?

ஆரணியில் பட்டுத் தறியில் இருப்பவருக்கு நெஞ்சு வலித்தால், சுமார் 40 கி.மீ. தள்ளியுள்ள வேலூருக்குத்தான் பல வீட்டாரும் கிளம்புகிறார்கள்.

அப்படிப் போகிறவருக்கு இதயக் குழாய் அடைபட்டிருந்தால், அதை பலூனால் விரிக்கும் சிகிச்சை உண்டு. அதை 1977-இல் சூரிக்கில் தொடங்கிவைத்தார் ஆந்திரியாஸ் கிரன்ட்சிக். இன்று அது அன்றாட வேலை. ஆனால் நூற்றில் ஒருவருக்கும் குறைவாக, கம்பியோ பலூனோ குழாயைத் துளைத்துவிடும். கசியும் ரத்தம் இதயத்தைச் சுற்றிய பையில் நிறையும்; இதயம் விரிய இடமின்றித் திணறும்; சில நிமிடங்களில் ரத்த அழுத்தம் சரிந்துவிடலாம்.

செய்ய வேண்டியது தெரிந்ததுதான். ஓட்டையை அடைத்தபடி பலூனை ஊதிப் பிடிக்க வேண்டும். எக்கோ பார்த்து, தேங்கிய ரத்தத்தை ஊசியால் எடுக்க வேண்டும். பெரிய கிழிசலுக்கு சவ்வு போர்த்திய ஸ்டென்ட், நுனிக் குழாய்க்குச் சிறு சுருள். அடங்காவிட்டால் அறுவைசிகிச்சை.

அந்த ஸ்டென்ட் அபூர்வமாகத்தான் தேவைப்படும். அபூர்வம் என்பதற்காக அதை வாங்கி வைக்காமல் இருப்பது மன்னிக்க முடியாதது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ள ஒவ்வொரு கேத் லேபிலும் (இந்தச் சிகிச்சை நடக்கும் அறை) அது இருப்பில் உள்ளதா, செவிலியரும் டெக்னீஷியனும் ஒத்திகை பார்த்திருக்கிறார்களா என்று அரசு நேரில் சோதிக்க வேண்டும்.

கையெழுத்து வாங்கும்முன் நெசவாளியின் குடும்பத்துக்கு இந்த ஆபத்தைப் புரியும் தமிழில் சொல்ல வேண்டும். அறுவைசிகிச்சைக் குழு அங்கேயே உண்டா, இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.