இவன் எப்படிடா போனான்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பூரில் நாங்கள் படித்த ஹைஸ்கூலின் வேப்பமரத்தடியில் பழைய மாணவர்கள் கூடினோம். 1995 மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியவர்கள். அன்று வகுப்பில் 41 பேர். இன்று 9 பேர் இல்லை. ஒன்பது படங்களையும் ஒரே தட்டியில் அச்சடித்து, மாலை போட்டு, இரண்டு நிமிஷம் மௌனமாக எழுந்து நின்றோம். பிறகு பந்திக்குப் போக வேண்டியதுதான் பாக்கி. தட்டிக்கு வாசகம் எழுதிக் கொடுத்தவன் நான். "காலன் கவர்ந்த எங்கள் கண்மணிகள்" என்று எழுதியிருந்தேன்.

எங்கள் கணக்கு வாத்தியாருக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். அவர் தட்டியின் முன்னால் போய் நின்றார். ஒவ்வொரு படத்தின் மேலும் விரலை வைத்து, "இவன் எப்படிடா போனான்?" என்று கேட்டார். "நெஞ்சு வலிங்க சார்." "ஏதோ விபத்துங்க சார்." "சீக்குங்க சார்." ஐந்தாவது படத்துக்கு யாரும் வாயைத் திறக்கவில்லை. "கூடப் படிச்சவனுங்கதானேடா நீங்க?" என்றார். சாப்பிடாமலே வீட்டுக்குப் போய்விட்டார்.

தோழர்களே! இருபது வருஷமாகத் தொழிலாளர் மத்தியில் வேலை செய்கிற எனக்கு இதைவிட வெட்கம் வேண்டியதில்லை. ஒன்பது பேரில் ஒருவர்கூட ஐம்பது வயதைத் தொடவில்லை. காலனுக்கு எங்கள் வகுப்பின் மேல் அப்படி என்ன விரோதம்?

என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் கணக்கில் என்னைவிட 30 மார்க் கூட வாங்கியவன். கைத்தறிக் குடும்பம். மேலே படிக்க வழியில்லாமல் சலவைப்பட்டறைக்குப் போனான். ஒரு நாள் கழிவுநீர்த் தொட்டியின் மண்டியை வாரும்படி ஆளை இறக்கினார்கள். முதலில் இறங்கியவன் சரிந்து விழுந்தான். அவனைத் தூக்க இவன் குதித்தான். இருவரும் திரும்பவில்லை. தேங்கிய மண்டியிலிருந்து கிளம்பும் விஷவாயு முதலில் அழுகிய முட்டைபோல நாறும். அளவு மிஞ்சினால் மூக்கே மரத்துப் போகும். நாற்றம் நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று நம்புகிறவன்தான் விழுவான். "விதி" என்றார்கள். அன்று அமலிலிருந்த 1948ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36வது பிரிவு விதியைப் பற்றியா பேசியது? வாயு இல்லை என்று சோதித்துச் சான்று எழுதாதவரை, இறங்குகிறவன் சுவாசக் கருவி அணிந்திருக்க வேண்டும், இடுப்பு வாரில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்றது. ஒரு கயிறு, தோழர்களே! ஊரெல்லாம் நூலும் துணியுமாகக் கிடக்கிற திருப்பூரில் அவன் இடுப்புக்கு ஒரு கயிறு கிடைக்கவில்லை.

முன் வரிசையில் இருந்த பெண், முத்துமுத்தாக எழுதுவாள். பஞ்சாலைக்குப் போனாள். வார லீவு கழிந்து வேலைக்குப் போகிற முதல் நாள் அவளுக்கு நெஞ்சு இறுகும். இரண்டொரு நாளில் தளரும். பஞ்சுத் தூசு நுரையீரலை அரிக்கிற பிஸினோசிஸ் வியாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். ஈ.எஸ்.ஐ. சட்டம் தன் மூன்றாவது அட்டவணையில் அதைத் தொழில் வியாதி என்று சேர்த்தது. சீட்டில் அந்தப் பெயர் ஏறினால் நஷ்டஈடு கேட்க வழியுண்டு. அவள் சீட்டில் கடைசிவரை "ஆஸ்துமா" என்றே இருந்தது. அவளுக்கு வந்தது பிஸினோசிஸ்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டுச் சோதித்துப் பார்த்தவர் ஒருவருமில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

மூன்றாமவன் பவர் டேபிள் டைலர். 2013ல் ஒன்றரை ஷிப்ட் முடித்து, நடுராத்திரியில் மொபட்டில் வீடு திரும்பும்போது தூக்கக் கலக்கத்தில் நின்றிருந்த லாரியில் மோதினான். வேலைக்கு வரும் வழியிலும் போகும் வழியிலும் நேரும் விபத்தை வேலை விபத்தாகவே கொள்ளும்படி ஈ.எஸ்.ஐ. சட்டம் 2010லேயே திருத்தப்பட்டிருந்தது. ஈ.எஸ்.ஐ. பிடிக்கப்பட்டவன் அப்படி இறந்தால், கூலியில் நூற்றுக்கு 90 பங்கை அவனை நம்பியிருந்தவர்களுக்கு மாதந்தோறும் பிரித்துத் தர வேண்டும். அவன் பெயர் கம்பெனி ரிஜிஸ்தரில் இருந்ததா? அவன் மனைவியிடம் யாராவது இதைச் சொன்னார்களா? அந்தச் சாவுக்கு நானும் போயிருந்தேன். மாலை போட்டேன், டீ குடித்தேன், வந்துவிட்டேன்.

மற்றவர்களில் இருவர் 2021ல் கொரோனாவுக்குப் பலியானார்கள். ஒருவன், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, வேலையற்றுக் கடனில் மூழ்கித் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். நொய்யலைச் சாயக்கழிவு கெடுத்தது மெய். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே விவசாயி அழுததும் மெய். ஆனால் ஆற்றைக் கெடுத்த லாபத்தில் பங்கு பெறாதவன், அதற்கான தண்டனையில் மட்டும் பங்கு பெற்றான். இன்னொருவன் பிறவியிலேயே இருதயக் கோளாறு உள்ளவன். வேறொருவனைப் பாம்பு கடித்தது. அதற்கும் முதலாளியைத் தேட நான் வரவில்லை. (ஆனால் வயலுக்கு ராத்திரியில்தான் கரண்ட் வந்தது, இருட்டில் தண்ணீர் கட்டப் போனான் என்பதை விவசாயத் தொழிலாளிகள் அறிவார்கள்.)

2004 ஜூலை 16ல் கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்தில் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் மாண்டார்கள். நாடே பதறியது. விசாரணைக் கமிஷன் வந்தது. பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை இறக்கினார்கள். 2014ல் கோர்ட் தண்டனையும் விதித்தது. அந்தப் பிள்ளைகளின் படத்தருகே நின்று "எப்படி?" என்று கேட்க வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை. ஒரே நாளில், ஒரே கூரையின் கீழ் இறந்தால் கணக்கு உண்டு. முப்பது வருஷத்தில், வேறு வேறு கூரைகளின் கீழ், ஒவ்வொருவராக இறந்தால்? சர்க்கார் எண்ணாது, கூடப் படித்தவர்களாவது எண்ண வேண்டாமா?

1946 ஜனவரி 8ல் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் ஆலைத் தொழிலாளர் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் பெயர்களை உச்சரிக்கும்போது, எப்படி இறந்தார்கள், எதற்காக இறந்தார்கள் என்பதையும் சேர்த்தே உச்சரிக்கிறோம். அந்த வழக்கம் தியாகிகளோடு நின்றுவிட வேண்டுமா?

இப்போது நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன். பெயர், பார்த்த வேலை, இறந்த வருஷம், டாக்டர் எழுதியது என்ன, ரிஜிஸ்தரில் பெயர் இருந்ததா, குடும்பத்துக்குக் கிடைத்தது என்ன என்று கோடு போட்டிருக்கிறேன். போன வாரம் அந்தப் பஞ்சாலைப் பெண்ணின் தாயார் வீட்டுக்குப் போனேன். மஞ்சள் பையில் பதினோரு வருஷத்து மருந்துச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார். "இதைப் பார்க்கோணும்னு இத்தனை நாளா ஒருத்தரும் வரலீங்க சாமி" என்றார். தரையில் உட்கார்ந்து தேதிவாரியாக அடுக்கினோம்.

ஐந்தாவது படத்துக்காரனின் வரி இன்னும் வெறுமையாக இருக்கிறது. அவனுடைய அண்ணன் ஊத்துக்குளிப் பக்கம் ஒரு தோட்டத்தில் குடியிருப்பதாகக் கேள்வி. வருகிற ஞாயிறு அங்கே போகிறேன். வாத்தியாரும் கூட வருகிறேன் என்கிறார்.